எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் நேரம்

நவம்பர் 10, திங்கள்

விடாத மழை. மாசாயிலிருந்து ஜொகூர் பாரு ஆபீஸ் வரை ரோடு ஜேம். காயாத துணி இரண்டு கூடை.

புகார் ஆப்பில் எண் மாற்றும் வேலை முடிந்தது. தொழிற்சாலை ஆட்கள் பெயர் சொல்லாமல் புகார் அனுப்ப நாங்கள் செய்த ஆப் இது. பழைய எண்கள் கண்டபடி வந்து விழும், டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் தேடித் திணறும். புதிய எண் இருபத்தாறு எழுத்து. முதல் பத்தில் அனுப்பிய நேரம், மீதி குருட்டாம்போக்கு. ஒன்றைப்போல் இன்னொன்று வராது. வந்த வரிசையிலேயே போய் நிற்கும், வங்கியில் டோக்கன் எடுத்தவர்கள் மாதிரி. பாஸ் முகத்தில் சிரிப்பு. "வாணி, வெரி ஃபாஸ்ட் லா!" கொஞ்சம் கர்வம்தான்.

வாங்க: வெங்காயம், சோப்பு, வீட்டுக்காரர் ரகுவுக்குக் காலுறை.

நவம்பர் 12, புதன்

ரகுவுக்கு இந்த மாதம் முழுக்க மதியம் ஷிப்ட், பாசிர் கூடாங் கெமிக்கல் பிளாண்டில். காலையில்தான் பேச முடிகிறது. ரொட்டியைப் பிய்த்தபடி மெதுவாக ஆரம்பித்தார்.

"நேத்து உன் ஆப்ல ஒரு புகார் போட்டேன்."

மூன்றாம் பம்ப் பக்கம் கேஸ் நாற்றமாம். சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. "சமாளிச்சுக்கோ" என்றாராம். பிளாண்டுக்குள் போன் கூடாது; வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா பக்கத்து லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். சாயங்கால பிரேக்கில் எடுத்து, அங்கேயே நின்று அனுப்பியிருக்கிறார்.

"யாருன்னு தெரியாதுல்ல?"

"பேர் இல்ல, நம்பர் இல்ல, நேரம்கூட காட்ட மாட்டோம். நான் எழுதினதுங்க. பயப்படாதீங்க."

அப்படித்தான் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

வாரப் பட்டியல் பிளாண்டுக்குப் போனது. புகாரும் எண்ணும் மட்டும். பல் வலி. டாக்டரிடம் போகவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பிளாண்டில் கம்ப்யூட்டர் பார்க்கும் தினேஷ் போன் பண்ணினான்.

"அக்கா, அந்த பம்ப் புகார் எத்தன மணிக்கு வந்துச்சு? எச்.ஆர். கேக்குறாங்க."

"அத நாங்க குடுக்க மாட்டோம் தம்பி."

"பரவால்ல லா அக்கா. நம்பர்லயே இருக்கே. இணையத்துல போட்டா நேரம் வந்துருது."

போனை வைத்தேன். லாக்கருக்கு மேலே கேமரா இருக்கிறது. நேரம் தெரிந்தால் போதும், அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்திருந்தவர் யார் என்று பார்த்துவிடுவார்கள். திரையில் நேரத்தை மறைத்தேன், எண்ணில் எழுதி நானே அனுப்பிவைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெடப்போவது அவர்.

நவம்பர் 18, செவ்வாய்

உள்ளே இந்த எண், வெளியே காட்ட வேறு எண் என்று மாற்றியாயிற்று. இனி வரும் புகார்களுக்கு. போனது போனதுதான்.

ரகுவிடம் காலையில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஓ" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

அவரிடமிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

நவம்பர் 19, புதன்

இதை எப்படி எழுத.

நேற்று ஷிப்ட் மாறும்போது பாலனை எச்.ஆர். ரூமில் உட்கார வைத்திருந்தார்களாம். பாலன் அதே பிளாண்டில் காலை ஷிப்ட். மனைவிக்கு நிறைமாசம்.

"அவன் எதுக்குங்க?"

"பத்து மணி டீ டைம்ல போன் எடுத்தது அவன் ஒருத்தன்தானாம். ஆஸ்பத்திரிக்குப் பேசிருக்கான். புகார் வந்தது அந்த நேரத்துலதான்னு சொல்றாங்க."

"நீங்க சாயங்காலம் ஆறுக்குல்ல அனுப்புனீங்க?"

"அதான் எனக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. எண்ணுக்குள் இருப்பது உலகப் பொது நேரம். நம் நேரம் வர எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும். தினேஷ் கூட்டவில்லை. சாயங்காலம் ஆறு காலை பத்தாகி, ரகு பாலனாகிவிட்டார்.

முதலில் வந்தது நிம்மதி. எழுதவே கை கூசுகிறது. நம்ம ஆள் தப்பித்தார் என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் வயிறு ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அதிரசம் சாப்பிட்டாள்.

ரகுவிடம் சொல்லவில்லை. நாளை சொல்லலாம்.

மாலை தினேஷ் மெசேஜ்: "அக்கா, அந்த டைம் மலேசியா டைம்தானே? நாளைக்கு மூணு மணிக்கு பாலன் கேஸ் விசாரணை."

ஒரே வார்த்தையில் பதில். ஆமாம் என்றால் பாலன், இல்லை என்றால் ரகு. போனைக் குப்புறப் போட்டுவிட்டேன். பம்ப் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

லீவு போட்டேன். வெயில். துணி காய்ந்துவிட்டது.

மெசேஜைக் காட்டினேன். எட்டு மணிக் கணக்கைச் சொன்னேன். ரகு இரண்டு முறை படித்தார்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"ம்."

"பேசாம இருந்துருவோம்ங்க. பாலன் போடலன்னு அவங்களே கண்டுபிடிச்சுருவாங்க."

"எப்படி? நீ சொன்னாதான தெரியும்?"

நான் அழுதேன். வேலை போய்விடும், பழிவாங்குவார்கள், அந்த மூன்றாம் பம்ப் பக்கமே நிறுத்தி வைப்பார்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்றைக்கும் போடாத மனுஷன்.

"நீ ஒண்ணும் அனுப்பாத. நம்பர் சொல்லி நான் மாட்ட வேணாம். நானே போய் சொல்றேன். பம்ப் பத்தியும் இன்னொருக்க சொல்லிட்டு வரேன்."

புதுக் காலுறையைப் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். கை காட்டினேனா இல்லையா, தெரியவில்லை.

மூன்றே கால். பாசிர் கூடாங் பக்கம் சைரன் சத்தம். ஒத்திகையாக இருக்கும், மாதம் ஒரு தடவை, திங்கட்கிழமை ஊதுவார்கள். வியாழக்கிழமையிலா?

போன் பண்ணினேன். மணி போகிறது. எடுக்கவில்லை.

லாக்கரில் இருக்கும்.

திரும்பப் பண்ணினேன். மணி போகிறது. லாக்கரில்தான் இருக்கும். அவர் உள்ளே, அந்த மூன்றாம் பம்ப்…