சேலைக்கு அப்பால் நின்ற மான்

என் பிரியமான சாமுவேல் அத்தானுக்கு,

உங்கள் மனைவியின் தங்கை எஸ்தர் எழுதுகிறேன். நீங்கள் கர்த்தரிடம் போய் எட்டு மாதம் ஆகிறது. அக்கா இப்போது காரை அவளே ஓட்டுகிறாள், ஹைவே என்றால் மட்டும் இன்னும் பயம். உங்கள் மகள் ரூத் நான் தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள். மூக்கைச் சுளிப்பது மட்டும் அப்படியே நீங்கள்.

இந்தக் கடிதத்தை நம் ஜெபக்கூட்டத்தின் கிறிஸ்துமஸ் மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். நம் ஊர் மான்மவுத் ஜங்ஷனில் உங்களைக் கேலி செய்த அத்தனை பேரும் படிக்க வேண்டும். நீங்கள் சுமந்தது என் பழி. அதை இறக்கி வைக்காமல் விடப்போவதில்லை.

எண்பத்துமூன்று டிசம்பர் நினைவிருக்கிறதா? நியூ ஜெர்சியில் மான் வேட்டைக்கு ரைபிள் கூடாது, ஷாட்கன்தான் என்றதும் உங்கள் முகம் தொங்கிப்போனது. கல்லூரி என்.சி.சி.யில் ரைபிள் சுட்டவராயிற்றே. பிறகு நீங்களே சமாதானமாகிவிட்டீர்கள்.

"இங்க வீட்ட ஒட்டி வீடு எஸ்தர். ரைபிள் குண்டு தப்பிச்சின்னா எவன் வீட்டுச் சுவத்துல போய் நிக்கும்னு கர்த்தருக்குத்தான் தெரியும். இது கிட்டத்துலயே விழுந்திரும்."

ஷாட்கன்னில் போடும் ஸ்லக் என்கிற அந்த ஒற்றை ஈயக் குண்டு கட்டைவிரல் பருமன். கிட்டத்தில் இடி, கொஞ்சம் தள்ளிப் போனால் தாழ ஆரம்பித்துவிடும். அதனால் நாம் உட்காரும் மரத்திலிருந்து சுற்றிலும் ஐம்பது தப்படி அளந்தீர்கள். அக்கா திட்டிக்கொண்டே கொடுத்த பழைய ஆரஞ்சு நைலக்ஸ் சேலையைக் கிழித்து, தப்படி முடிந்த இடங்களில் மரத்துக்கு மரம் கட்டினீர்கள். சேலைக்கு அப்பால் என்ன வந்து நின்றாலும் சுடக்கூடாது. பண்ணைக்காரர் ஹாரி நம்மை உள்ளே விட்டதும் அந்த ஒரே நிபந்தனையின் பேரில்தான். தூரத்தில் சுட்டவன் மறுபடி அங்கே கால் வைக்க முடியாது.

நான் நன்றாகச் சுடுவேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பயிற்சியில் ஐந்துக்கு ஐந்தும் போட்டவள். அந்தத் திமிர்தான், சேலைக்கு அப்பால், ஐம்பதுக்கு இருமடங்கு தூரத்தில், கொம்பு விரித்து நின்ற அந்த ஆண் மானைப் பார்த்ததும் விரலை அழுத்த வைத்தது. நெஞ்சுக்குக் குறிவைத்தேன். குண்டு தாழ்ந்துபோய் முன்னங்காலில் பட்டது. அது மூன்று காலில் ரோட்டைத் தாண்டி ஓடி, யாரோ வீட்டுப் பின்புறத்தில் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, அந்த நேரம் அங்கே பிள்ளைகள் இல்லை. நாம் போய்ச் சேர்வதற்குள் அதன் உயிர் போயிருந்தது.

ஹாரி வந்து "யார் சுட்டது?" என்று கேட்டார். நான் அந்த ஊஞ்சலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நான்தான்" என்றீர்கள்.

காரில் அழுதேன். நீங்கள் ஹீட்டரைக் கூட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "நீ இப்பந்தான படிக்கே. ஒன்ன வெரட்டிட்டாருன்னா பெறவு துப்பாக்கியத் தொடவே மாட்டே. எனக்கென்ன, காலேஜ்லயே சுட்டுப் பாத்தாச்சு."

அது பொய். வருஷம் முழுக்க, வேட்டைக்கு விடும் அந்த ஒரு வாரத்துக்காகவே காத்திருப்பவர் நீங்கள். அதன் பிறகு மூன்று டிசம்பர் என்னை ஹாரியின் கேட்டில் இறக்கிவிட்டு, ரோட்டோரம் காரை நிறுத்தி, பிளாஸ்க் டீயோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தீர்கள். நான் சுட்ட மானைத்தான் கிறிஸ்துமஸுக்கு அக்கா வறுத்தாள். "இவுக சுட்டா மான் பக்கத்து வீட்டுக்கு விருந்துக்குப் போயிரும்" என்று அவள் சொல்ல, மேஜை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் குனிந்து கறி பரிமாறினேன். எப்படி உங்களால் முடிந்தது அத்தான்? என்னால் எப்படி முடிந்தது?

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதுக்கா அவுக அந்தக் குளிர்ல கார்லயே கெடந்தாவ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்பே ஹாரியிடம் சொல்லிவிட்டேன். போன வாரம், வழக்கம்போல அனுமதிச் சீட்டு வாங்கப் போனபோது, சீட்டில் என் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுதியிருந்தார். அன்றைக்குச் சுட்டது நான் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். அந்தச் சீட்டைக் கிழித்தார். "அப்படியானால் நீ இனி வரக்கூடாது. ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார். சரி என்றேன். அது நியாயம்தானே?

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். அவர் கூப்பிட்டார். புதிதாக ஒரு சீட்டு எழுதி நீட்டினார். அதில் உங்கள் பெயர் இருந்தது. நீங்கள் போனது அவருக்குத் தெரியாது அத்தான். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் கட்டாயம் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சீட்டு உங்கள் வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு பண்ணை தேடிக்கொள்வேன், கண்டிப்பாகக் கிடைக்கும். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும் முன் ஐம்பது தப்படி அளந்து சேலையைக் கட்டுவேன். அதற்கு அப்பால் எப்பேர்ப்பட்ட கொம்பு வந்து நின்றாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஹாரி சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். உங்களை வரச் சொன்னார். காரை ரோட்டிலேயே நிறுத்த வேண்டாமாம். உள்ளே வரை ஓட்டி வரலாமாம்.

உங்கள் கொழுந்தியாள்,
எஸ்தர்