ரோட்டில் யாருமே இல்லை

புதன்கிழமை, இரவு.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை.

போன வாரம் பேராதனை வீதியில் என் கணவர் ஓட்டிய ஆட்டோ ஒரு பெரியவரை மோதிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "சத்தியமா ரோட்டுல யாருமே இல்ல, செல்வி" என்று இவர் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டப்பகல், நேர் ரோடு. பொலிஸ் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. "புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க" என்று கத்தினேன். பண்ணினார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவே இல்லை.

எங்களுக்குத் தெரியாமலே இவருடைய மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு வந்துபோயிருக்கிறதாம். அதில் இடது பக்கப் பார்வை போய்விட்டதாம். அந்த இடம் இருட்டாகத் தெரிந்திருந்தால் அவரே கவனித்திருப்பார். ஆனால் மூளை அதையும் வெறும் ரோடாக நிரப்பிக் காட்டிவிடுமாம். "உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல்ல" என்றார் டாக்டர். இனி வண்டியைத் தொடவே கூடாதாம்.

வரும் வழியில் பெரியவரின் மகளைப் பார்த்துச் சொன்னோம். "நல்லா கதை கட்டுறீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் இவர் சட்டென்று நின்று முன்னாலும் வலது பக்கமும் தேடினார். "செல்வி? எங்க போயிட்ட?"

நான் அவருடைய இடது கையை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன்.