மாப்பிள்ளைத் தொட்டி

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை வரவில்லை. பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆகிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. எங்கள் மரச்சாமான் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற கூடத்துக்குப் பின்னால் ஈர மரச்சில்லு நிரப்பிய தொட்டி ஒன்று வைத்தோமே, பெயின்டில் கலக்கும் தின்னரின் நெடியைக் கூடத்திலிருந்து உறிஞ்சி அதற்குள் விட்டால் சில்லில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நெடியைத் தின்றுவிட்டு நல்ல காற்றை வெளியே விடும், அதற்குத்தான் மாப்பிள்ளைத் தொட்டி என்று பேர் வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கிற பாக்டீரியாக்களுக்குப் புது மாப்பிள்ளை மாதிரி சூடு கூடினாலும் கோபம், ஈரம் குறைந்தாலும் கோபம், வேளைக்குச் சாப்பாடு வராவிட்டால் முறுக்கிக்கொள்வார்கள்.

அதிகாரி பார்வையிட வருகிறார், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று போன வாரம் முதலாளி சொல்லிவிட்டுப் போனார். பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிற உன் மாமா, சில்லின் மேல் வழுவழுவென்று படிந்திருந்ததை அழுக்கு என்று நினைத்து ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி அலசிவிட்டார். புதுசு மாதிரி ஆக்கிட்டேன் மச்சான், வந்து பாருங்க என்று என்னையே கூப்பிட்டுக் காட்டினார். மாப்பிள்ளைகளைக் கூண்டோடு கைலாசம் அனுப்பிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. மறுநாள் கூடத்தில் பெயின்ட் வேலை தொடங்கியதும் நெடி அப்படியே சுவரைத் தாண்டிப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் உன் அண்ணன் வீடு. உன் அண்ணி நிறைமாதம், அதிலும் இழுப்புக்காரி, ஜன்னலைச் சாத்தியும் மூச்சுக்குத் திண்டாடிவிட்டாள். நான் ஓடிப்போய்க் கூடத்தை நிறுத்திப் பூட்டினேன். ஆர்டர் நிக்குது, நாலு கிருமிக்காக நான் கடைய மூடணுமா என்று முதலாளி குதித்தார். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இனி வேறு பாக்டீரியாவுக்கு எங்கே போவது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உன் அம்மா, தொட்டியிலேர்ந்து எடுத்த பழைய சில்லுன்னு ஒரு மூட்டை எனக்குக் கொண்டாந்து போட்டீங்களே, அது ஆகாதா என்று கேட்டாள். தன் பூச்செடிச் சட்டிகளில் ஈரம் காக்க அதைப் போட்டு வைத்திருந்தாள். ஈரம் காயாததால் அதில் மாப்பிள்ளைகள் கொஞ்சம் பேராவது உயிரோடு இருப்பார்கள். ஒரு இலையை நான் கிள்ளினாலும் ஊரைக் கூட்டுகிறவள், ஒவ்வொரு சட்டியாய்த் தானே கவிழ்த்துக் கொடுத்தாள். தொட்டியை நல்ல தண்ணீரில் அலசி, புதுச் சில்லோடு அதைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாய் நெடியைக் காட்டிப் பழக்குகிறோம். உன் மாமா சோறு இறங்காமல் தொட்டியடியிலேயே பழியாய்க் கிடக்கிறார், திட்டவும் மனசு வரவில்லை. நெடி குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பெயின்டிலேயே ஊறி மரத்துப்போன என் மூக்கை எப்படி நம்புவது? உன் அண்ணியை மோந்து பார்க்கச் சொல்ல முடியுமா?

நாளைக் காலை கூடத்தை முழு வேகத்தில் ஓட்டியே ஆக வேண்டும் என்கிறார் முதலாளி. அண்ணியைத் தாய் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் டாக்டர் பயணமே கூடாது என்கிறார். மாப்பிள்ளைகள் எழுந்திருக்காவிட்டால் நான் சாவியைத் தருவதாக இல்லை. வேலை போனால் போகட்டும் என்று வீரமாக ஒரு வரி எழுதி, அதை அடித்தும் விட்டேன். வேலை போகலாம் என்பதைப் பற்றி உன் அம்மாவிடம் போனில் மூச்சு விடாதே.

எங்கே இருந்தாலும் நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு கண்ணு. உன் அறைக்குப் புதிதாய்ப் பெயின்ட் அடித்தார்கள் என்றாயே, குளிர் என்று எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுக்காதே. இங்கே ஒருத்தி ஜன்னலைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள், நீயாவது திறந்து வை.

இப்படிக்கு,
சாவியை இன்னும் பையிலேயே வைத்திருக்கும்
உன் அப்பா