உறங்க மறுக்கும் ஆன்டெனாக்கள்

மார்ச் 9, திங்கட்கிழமை

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? கடிதத்தில் பிப்ரவரி 30 என்று தேதியிட்டிருக்கிறாய். அப்படி ஒரு நாள் கிடையாது.

நான் சோதிக்கும் ரேடியோ அலை ரிசீவருக்கு எட்டு ஆன்டெனாக்கள். அலை வராதபோது ஒன்று மட்டும் காவலிருக்க, மற்ற ஏழும் உறங்கி மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும். வந்தால் எட்டும் விழித்து, வரும் திசையைச் சொல்ல வேண்டும். இது தேறினால்தான் 20ஆம் தேதி நான் வீடு திரும்ப முடியும்.

6ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வெளியலை எதுவும் நுழையாத அறையில் தனியே அமர்ந்திருந்தேன். எட்டும் விழித்துக்கொண்டு, என் பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டின.

"ஐயா, எல்லாம் உங்க காது மெஷின் பண்ற வேலை! கழட்டிட்டு உக்காருங்க," என்று எங்கள் பொறியாளர் அம்மா சிரித்தார். அதை வெளியே வைத்துவிட்டு வந்தேன். மீண்டும் அதே நாற்காலி.

"துணைக்கு யாரையோ கூட்டிட்டு வந்துட்டீங்க போல," என்றார். இம்முறை சிரிக்கவில்லை.

நீ கவலைப்படாதே. கம்பளிச் சால்வை ஒன்று அனுப்பு. பேச விஷயம் இல்லாவிட்டாலும் மாலை ஆறு மணிக்குப் போன் செய்.

இன்று நாற்காலியை அகற்றினோம். ரிசீவர் இப்போதும் அதே இடத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் எழுந்து நிற்கும் ஓர் ஆளின் தலை உயரத்தில். நான் 20ஆம் தேதி வருவதாக யாரிடமும் சொல்லிவிடாதே. உள்ளே அழைக்கிறார்கள், போக வேண்டும்.

உன் கணவன்