ஜிம்மி யார் கையில் சாப்பிடும்

அக்கா,

நெத்திலி போட்டு வேகவைக்கும் சோற்றின் வாடை இப்போது எனக்கு ஆகவில்லை. அடுப்பில் வைத்தவுடனே குமட்டுகிறது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்று கிண்டுகிறேன். மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம். எனக்கென்று ஒரு கஞ்சி வைக்கத் தெம்பில்லை. உங்கள் நாய் ஜிம்மிக்கு மட்டும் வேளை தவறாமல் சோறு. அதுவும் முதல் கவளத்தை என் கையால் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் துரைக்கு இறங்காது.

உங்களைத் திட்டுவதற்குத்தான் இதை எழுதுகிறேன். செத்துப்போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். இரண்டு வருடம் பொறுத்துவிட்டேன், போதும்.

உங்கள் முதல் நாய், திரிங்காப் ஊருக்குப் போகும் வழியில் காய்கறித் தோட்டத்து ஓரமாக யாரோ போட்டிருந்த விஷக் கோழியைத் தின்றுவிட்டு, நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசல்வரை வந்து நுரை தள்ளிச் செத்தது. ஜிம்மியைக் குட்டியாகக் கொண்டுவந்த அன்றே நீங்கள் ஒரு முடிவோடு இருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு அவித்த கோழித் தோலை நீட்டச் சொல்வீர்கள். குட்டி கிட்டே போனால் மூக்கில் ஒரு தட்டு. கடைசியாக நீங்கள் நீட்டுவீர்கள், அதை மட்டும் தின்னலாம். "கண்டவங்க கையில திங்கக் கூடாதுடா, தங்கம்" என்று கொஞ்சுவீர்கள். எங்களுக்கெல்லாம் அது வேடிக்கை. தோலை நீட்டியவர்களில் நானும் ஒருத்தி. என் கையைக் கண்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று, முதலில் கைதட்டியதும் நான்தான்.

உங்கள் பூனை சுந்தரிக்கு இந்தச் சட்டமெல்லாம் ஏறவில்லை. இன்றைக்கும் நாலு வீட்டில் தின்றுவிட்டு என் கட்டிலில் வந்து படுக்கிறாள். அவளைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது.

பிறகு சிறுநீரகம் கெட்டு நீங்கள் படுத்தீர்கள். கொழுந்து வெட்டிவிட்டு வந்ததும் நேராகப் பக்கத்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். சோற்றுச் சட்டியைக் கட்டிலருகே கொண்டுவந்தால், படுத்தபடியே வீங்கிய கையை விட்டுப் பிசைந்து ஒரு கவளம் கொடுப்பீர்கள். அதற்குப் பிறகுதான் ஜிம்மி சட்டியில் வாய் வைக்கும். என் கைக்கும் அதைப் பழக்கிவிடுங்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு என்னடி ஆயிடப் போவுது?" என்றீர்கள். நான் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

இப்போது பாருங்கள் என் நிலைமையை. ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்ந்து நீரை எடுக்க வேண்டும், இரண்டு வாரமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜிம்மிக்காக இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். ஒரு நாய்க்காக உயிரை விடப் போகிறீர்களா என்று சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் கத்தினான். அவன் கேட்டதில் தப்பில்லை, மூச்சு வாங்கும்போது நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் போனால் அது பட்டினி கிடந்து சாகும். போகாவிட்டால் நான் சாவேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அக்கா.

உங்கள் வீட்டில் இப்போது பகதூர் இருக்கிறார். நேப்பாளக்காரர், கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறார். அவரிடம் போய்க் கெஞ்சினேன். ஐந்து நாளாக அவரை வாசலில் உட்காரவைத்து, அவர் கைமேல் என் கையை வைத்துச் சோற்றை நீட்டுகிறேன். "மாக்கான்லா, தங்கம்" என்று மலாயும் நான் சொல்லிக்கொடுத்த தமிழுமாகச் சாப்பிடச் சொல்கிறார். ஜிம்மி என்னைத்தான் பார்க்கிறது. நாம் பழையபடி சோதிக்கிறோம் என்று நினைக்கிறது போலும், நல்ல பிள்ளையாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நேற்று இரண்டு வாய் தின்றது. நான் கையை எடுத்ததும் நிறுத்திவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என்ன செய்வதென்று தெரியாமல் பகதூர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நாளைக் காலை கார் வருகிறது. இனித் தள்ளிப்போட முடியாது.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் ஜிம்மி எதையும் தொடவில்லை. நான் வைத்த சோறு அப்படியே புளித்துப்போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் போன் செய்து, மூச்சுக்கு நடுவே ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"லெச்சுமி, அது சாப்டுச்சா?"

"சாப்டுச்சுக்கா. என் கையிலதான்."

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டீர்கள். உங்களை அடக்கம் செய்து மூன்று நாள் கழித்துத்தான் அது என் கையில் வாய் வைத்தது. உங்களை நிம்மதியாக அனுப்பிவைத்தேன் என்று இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று பகதூரிடம், நான் ஈப்போவில் இருக்கும்வரை தினமும் போன் செய்து ஜிம்மி சாப்பிட்டதா என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். கவலைப்படாதீர்கள், கட்டாயம் சாப்பிடும், சொல்கிறேன் என்று உடனே தலையாட்டினார். இரக்கமுள்ள மனிதர். நோயாளியான உங்களிடம் நான் சொன்னதைத்தான் அவரும் என்னிடம் சொல்வார். அதுதான் பயமாக இருக்கிறது.

சாப்டுச்சு என்று நான் போனில் சொன்னதை நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள், அக்கா. அதை வளர்த்தவர் நீங்கள். என் கையில் அது தின்னாது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் "சரிடி" என்றீர்கள். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அந்தச் "சரிடி" இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஜிம்மி சாப்பிட்டது என்று பகதூர் போனில் சொல்லும்போது, நம்பாமலே சரி என்று சொல்ல எனக்கு வாய் வருமா, தெரியவில்லை.