மாதா கை மாற்றிய வருஷம்

என் ஆசை ஜெசிந்தா அக்காவுக்கு,

நேற்றுத்தான் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பினோம். பாதம் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் அரைத்துக் கொடுத்த மருதாணியை அப்பிக்கொண்டு, காலை நீட்டிப் போட்டு எழுதுகிறேன். நீங்கள் இல்லாமல் போன முதல் நடை இது. எப்படியோ நடந்து முடித்துவிட்டோம் அக்கா.

நடக்காமலே போயிருக்க வேண்டியது. உங்கள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் வண்டி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுச் சரக்கு வேன் பின்னால் வந்தால்தானே எட்டுப் பொம்பளைகளை நம்பி வீட்டில் அனுப்புவார்கள்? தண்ணீர்க் கேன், துணிப்பை, மாதா சொரூபம், கால் சுளுக்கியவள் எல்லாம் அதில்தான் போகும். வேன் இல்லை என்றதும் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். என் வீட்டுக்காரரே, "பஸ்ல போய்க் கும்புட்டுட்டு வந்துரு" என்றார்.

நானும் பட்டறையில் பனியன் செக்கிங் பார்க்கும் பாக்கியமும் உங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "பன்னெண்டு வருஷம் போனாளே, என்னத்தக் கண்டா? இனி அந்த ரோட்டுக்கு நான் வர மாட்டேன்" என்றார். எனக்கும் அதே கேள்வி உள்ளே குடைந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் நீங்கள் ஆரம்பித்ததை, நீங்கள் கண்மூடிய வருஷமே இழுத்து மூட எனக்கு மனசு வரவில்லை. பிடிவாதம் வந்துவிட்டது.

பல்லடத்துக்காரி எனக்கு வேளாங்கண்ணி எந்தத் திசை என்றுகூட முன்பு தெரியாது. பெருமாநல்லூர் பனியன் பிரிண்டிங் பட்டறையில் நீங்கள் படம் வரைகிறவர், நான் படம் அடிக்கிற ஸ்கிரீனைக் கழுவுகிறவள். நடைக்குப் போடும் காவி பனியனுக்கு வருஷத்துக்கு ஒரு மாதா வரைவீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நானும் வருகிறேன் என்றேன், பக்தியால் இல்லை. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்புறம் அந்த ஒயின். கிறிஸ்துமஸுக்குப் போட்டதில் ஒரு ஜாடியை ஒதுக்கி வைத்து, நடை முடிந்து திரும்பிய அன்று சாயங்காலம்தான் மொட்டை மாடியில் திறப்பீர்கள். பழைய வருஷத்துப் பனியன்களையெல்லாம் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஆளுக்கொரு டம்ளரோடு எந்த மாதா அழகு என்று சண்டை போடுவோம். கிராம்பு வாசத்தோடு தொண்டையில் இறங்கிய முதல் மடக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உதடு ஏன் சிவந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். திராட்சை தின்றேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

இந்த வருஷத்துப் படத்தை நீங்கள் பாதியில் விட்டுப் போயிருந்தது எனக்குத்தான் தெரியும். மேஜை டிராயரில், நிறத்துக்கு ஒன்றாக வரைகிற பிலிமில் இரண்டுதான் இருந்தன. நீலம் முடித்திருந்தீர்கள், மஞ்சள் முடித்திருந்தீர்கள். கண், மூக்கு, விரல் எல்லாம் வரும் கறுப்பு பிலிம் மட்டும் இல்லை. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி நல்லவன். "கம்ப்யூட்டர்ல ஒரு மாதா இருக்குதுங்க்கா, அஞ்சு நிமிசத்துல எறக்கித் தர்றேன்" என்றான். வேண்டாம் என்றேன். கையில் வரைகிற பேனாவே பிடிக்காதவள், அந்தக் கறுப்பை நானே வரைய உட்கார்ந்தேன். மூக்கை மட்டும் ஆறு தடவை அழித்தேன்.

முதலாளியிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்து, எட்டுப் பனியனிலும் அடித்துக் காய வைத்தோம். வண்டி இல்லை, ஆட்களும் நிச்சயமில்லை, பனியன் மட்டும் தயார். கொடியில் தொங்கியதைப் பாக்கியம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏஞ் சரசு, கொழந்தை எடது கையிலல்லோ இருக்கோணும்?" என்றாள்.

ஓடிப்போய்ப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்கு நீங்கள் பிலிம் மூலையில் சின்னதாய் ஒரு சிலுவை போட்டு வைப்பீர்கள் இல்லையா? நான் அதை மைக்கறை என்று நினைத்து, டிராயரிலிருந்து எடுத்த கையோடு சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கிறேன். கழுவுகிறவள் புத்தி வேறெப்படி இருக்கும்? பிலிமைத் தெரியாமல் திருப்பிப் போட்டு அதன் மேலேயே கறுப்பும் வரைந்து, மூன்றையும் அப்படியே ஸ்கிரீனில் ஏற்றிவிட்டேன். இடது கைக் குழந்தை வலது கைக்குப் போய்விட்டது. அழுதேன் அக்கா. நீங்கள் கடைசியாக வரைந்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

மறைத்து வைக்கப் பிடிக்கவில்லை. ஒரு பனியனை எடுத்துக்கொண்டு மறுபடி உங்கள் வீட்டுக்குப் போனேன். "அண்ணா, தப்பு எம்மேலதானுங்க. அக்கா செரியாத்தான் வரஞ்சு வெச்சிருந்தாங்க" என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு குழந்தை இருந்த பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தன வருஷமா ஒரே கையில தூக்கிட்டு நிக்கா. கை கடுத்திருக்கும்லா. மாத்தி வச்சிருக்கா" என்றார்.

பிறகு எழுந்து வெளியே போய் வேன் டயரை உதைத்துப் பார்த்தார். "காத்து கம்மியாக் கெடக்கு. நாளைக்கு அடிச்சிருதேன். எல்லாரையும் வரச் சொல்லு." அவ்வளவுதான் பேச்சு. உங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் ஏழு பேருக்கும் போன் போட்டு முடித்துவிட்டேன்.

வழியில் கேட்காத ஆள் இல்லை. கரூரில் கேட்டார்கள், திருச்சியில் கேட்டார்கள். தஞ்சாவூர் தாண்டி ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர், மாதாவை இப்படியா போடுவது என்று கோபமாகவே கேட்டார். அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். கடைக்காரரின் மனைவி இடுப்புப் பிள்ளையோடு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். "செரியாத்தான போட்டிருக்காங்க" என்று சொல்லிப் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். அண்ணன் கோயிலுக்குள் வரவில்லை. நாங்கள் வரும்வரை கடற்கரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நானும் மாதாவிடம் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பாத்தியதை உண்டு என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

நேற்று சாயங்காலம் ஜாடியை அவரே மாடிக்குத் தூக்கி வந்தார். நிற்க முடியாத அந்த டிசம்பரில் நீங்கள் உட்கார்ந்தபடி பிசைந்து போட்ட ஒயின். இதுவரை போட்டதில் இதுதான் உசத்தி, சும்மா சொல்லவில்லை. பனியன்களைத் தொங்கவிட்டோம், சண்டையும் போட்டோம். இந்த வருஷத்து மாதா முழித்துப் பார்க்கிறாள் என்று பாக்கியம் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அவ நீலமும் மஞ்சளுந்தான் வரஞ்சா. மூஞ்சி சரசு வரஞ்சது. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வருகிற வருஷம் மூன்று பிலிமையும் நானே வரைவேன் அக்கா. அண்ணன் வண்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நடை உண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாவது போவேன் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. என்றைக்காவது என் காலும் மக்கர் பண்ணும், தெரியும். அன்றைக்கு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, ஊசி குத்திய பிளாஸ்திரிகூடப் பிரிக்காத கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "ஏட்டி, வேகமா நடங்கட்டி" என்று கடல் தெரிகிறவரை எங்களை விரட்டினீர்களே, அப்படியே நானும் விரட்டுவேன். இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
பல்லடத்துச் சரசு