போஸ்டரில் வராத பெயர்

வேலைக்குக் கிளம்பும் முன் டெரிக், மனைவி டெபோராவுக்குச் சீட்டு எழுதினான்.

"டெபோரா, வஞ்சிரக் கொயம்பு அடுப்பு மேல கீது. சாவி மாடி வூட்ல."

அதற்கு மேல் கை ஓடவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அவளது போஸ்டர் கடைக் கம்ப்யூட்டரைத் தானாக அப்டேட் ஆகும்படி வைத்தவன் அவன்தான். டிசைன் சாஃப்ட்வேரும் தமிழ் ஃபான்ட்டும் மாறிப்போய், ஏரியாவில் இறந்துபோன அருள்பிரகாசத்தின் அஞ்சலி போஸ்டரில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வந்தன. அவரை இறுதி ஊர்வலத்துக்கு எடுக்கும்வரை காலடிப்பேட்டைச் சுவர் எதிலும் போஸ்டர் இல்லை. திட்டெல்லாம் அவளுக்கு. மறுபடி பேனாவை எடுத்தான்.

"சாஃப்ட்வேர், ஃபான்ட்டு ரெண்டுலயும் பழசையே போட்டுட்டேன். அந்த ரெண்டை மட்டும் பூட்டிக்கீறேன். மத்தது தானா மாறும், அது ரெண்டும் மாறாது. அருள்பிரகாசம் வூட்டுக்கு நானே போய் என் தப்புதான்னு சொல்றேன்."

அடியில் இடுக்கி எழுதினான்:

"பூட்டைத் தொறக்கிற பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். மாத்திடு. என்கிட்ட சொல்லாத."